அரைப்புள்ளியின் அறம்: ஹென்றி வாட்சன் ஃபௌலர்

சில ஆசிரியர்களின் பெயர், காலப்போக்கில் அவர்கள் எழுதிய நூலின் பெயராகவே ஆகிவிடுவதுண்டு. ஆங்கில நாட்டில் அப்பேறு பெற்றவர்களுள் ஒருவர் ஹென்றி வாட்சன் ஃபௌலர். ஒரு சொல்லை எழுதலாமா, ஒரு தொடரை இப்படி முடிக்கலாமா என்ற ஐயம் எழும்போது, எழுதுவோர் அவருடைய நூலின் தலைப்பைச் சொல்வதில்லை. ஃபௌலரைப் பார் என்றே சொல்லிவந்தனர். நம் நாட்டுக் கல்லூரிகளில் ஆங்கிலம் பயின்றோர்க்கும் அப்பெயர் புதிதன்று.

கவிஞர்கள் கூடி வளர்த்த ஒரு வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில், ஆங்கில உரைநடைக்கு வழிகாட்டிய ஒருவரின் வரலாற்றுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவலாம். சீரும் தளையும் அடியும் அறிந்தவர்க்கு, எங்கே நிற்பது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றாது. பாட்டில் அந்த நிறுத்தத்தை யாப்பு காத்துக் கொடுக்கிறது. உரைநடையில் எழுதுகிறவனே காத்துக்கொள்ள வேண்டும். உரைநடையில் எங்கே நிற்பது, ஏன் நிற்பது என்பதை ஃபௌலரும் அவருடைய தம்பியும் எண்ணிப் பார்த்த அளவுக்கு எண்ணிப் பார்த்தவர்கள் அந்நாட்டில் சிலரே. குறிப்பாக அரைப்புள்ளி என்னும் சிறு குறி, ஆங்கிலம் எழுதும் நம்மவரைப் பெரிதும் மயக்குவது. அக்குறியைச் சரியாக இடுவதில் உள்ள நேர்மையை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஃபௌலர் 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ட் மாநிலத்திலுள்ள டன்பிரிட்ஜ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கேம்பிரிட்ஜில் பயின்றவர். திருச்சபைப் பட்டம் பெற்ற பள்ளியாசிரியர். பிள்ளைகள் எண்மருள் ஹென்றியே மூத்தவர். ரக்பிப் பள்ளியிலும், பின்னர் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்துப் பேலியல் கல்லூரியிலும் கிரேக்கமும் இலத்தீனும் கற்றார். தேர்வில் முதல் வகுப்பு அவருக்குக் கிட்டவில்லை. இரண்டாம் வகுப்பே கிட்டியது. 1879இல் தந்தையார் மறைந்தார். தலைப்பிள்ளையாகிய ஹென்றிக்கு அப்போது அகவை இருபத்தொன்று.

ஸ்காட்லாந்தில் சிறிது காலம் பணியாற்றிய பின், 1882இல் வட இங்கிலாந்தின் மலைப்பகுதியில் உள்ள செட்பர்க் என்னும் ஊரின் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். அங்கே பதினேழு ஆண்டுகள் கிரேக்கமும் இலத்தீனும் ஆங்கிலமும் பயிற்றினார். நீந்துவதும் ஓடுவதும் பனிமேல் சறுக்குவதும் மலையேறுவதும் அவருக்கு விருப்பமானவை. வகுப்பில் கண்டிப்பானவர், கூச்சம் மிக்கவர், மாணவரோடு எளிதில் நெருங்கிப் பழகாதவர். பின்னாளில் சிறந்த வரலாற்றறிஞராக விளங்கிய கூல்டன், அப்பள்ளியில் அவரோடு உடன் பணியாற்றியவர். ஃபௌலர் மறைந்த பின் அவரைப் பற்றிய நினைவுரையொன்றை எழுதி உலகுக்குத் தந்தவரும் அவரே.

அமைதியாக ஓடிக்கொண்டிருந்த அந்த வாழ்க்கையில் 1899இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. பணிமூப்பின்படி அவருக்கு விடுதித் தலைமைப் பொறுப்பு வரவேண்டியிருந்தது. ஊதியமும் மதிப்பும் உயரும் பதவி அது. ஆயின் அப்பதவியை ஏற்பவர், தம் விடுதி மாணவர்களைத் திருச்சபையின் உறுதிபூசுதல் என்னும் சடங்கிற்கு ஆயத்தம் செய்விக்க வேண்டும். ஃபௌலருக்குச் சமய நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாமலே அவ்வாயத்தத்தைச் செய்துவிடலாம் என்றோ, அப்பகுதியைப் பிறர் கையில் ஒப்படைத்துத் தாம் பதவியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றோ அவர் வழி தேடவில்லை. தாம் ஏற்காத ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது தகாது என்று தலைமையாசிரியரிடம் தெரிவித்துப் பணியினின்று விலகினார். சமயப் பற்று உடையவரும் இல்லாதவரும் ஒருங்கே மதிக்கத்தக்க முடிவு அது. அப்போது அவருக்கு அகவை நாற்பத்தொன்று; வேறு தொழில் தெரியாது; எழுத்தில் பெயரும் இல்லை.

அங்கிருந்து இலண்டன் சென்று செல்சிப் பகுதியில் குடியேறினார். தந்தையார் விட்டுச்சென்ற சிறு பொருளும், இதழ்களுக்கு எழுதிய கட்டுரைகளால் கிடைத்த சிறு வருவாயுமே வாழ்வுக்குத் துணை. நாள்தோறும் நீந்துவதை அங்கும் அவர் விடவில்லை. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

1903இல் அவருடைய வாழ்க்கை வேறு வழியில் திரும்பியது. ஆங்கிலக் கால்வாயில் பிரான்சு நாட்டுக் கரையை ஒட்டியுள்ள கேர்ன்சித் தீவில் அவருடைய தம்பி பிரான்சிஸ் ஜார்ஜ் ஃபௌலர் தக்காளி பயிரிட்டு வந்தார். தமையனைவிட ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு இளையவர், கேம்பிரிட்ஜில் பயின்றவர், பழைய மொழிகளில் வல்லவர். ஹென்றியும் அத்தீவுக்குச் சென்றார். இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழவில்லை; அருகருகே தனித்தனிக் குடில்களில் வாழ்ந்தனர். எழுத்துப் பணியை மட்டும் சேர்ந்து செய்தனர். முதற்பணி, பழைய கிரேக்க அங்கத எழுத்தாளராகிய லூசியனின் படைப்புகளை ஆங்கிலமாக்கியது. அது 1905இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நான்கு தொகுதிகளாக வெளிவந்தது.

அதையடுத்து 1906இல் வெளிவந்த நூலே அரசரின் ஆங்கிலம் எனப் பொருள்படும் தி கிங்ஸ் இங்கிலிஷ். நல்ல ஆங்கிலம் எது என்று பொதுப்பட உரைக்கும் நூல்கள் அதற்கு முன்னும் இருந்தன. ஃபௌலர் உடன்பிறப்புகள் வேறு வழியை மேற்கொண்டனர். அன்றைய நாளிதழ்களையும் பெயர்பெற்ற எழுத்தாளர்களின் நூல்களையும் படித்துப் பிழைபட்ட தொடர்களைத் திரட்டினர். ஒவ்வொன்றையும் எடுத்துக்காட்டி, அது எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது, எப்படித் திருத்தலாம் என்று விளக்கினர். பெரிய பத்திரிகை என்றோ புகழ்பெற்ற பெயர் என்றோ அஞ்சி யாரையும் விட்டுவைக்கவில்லை. சொற்றேர்வு, தொடரமைப்பு, நடையழகு ஆகியவற்றோடு நிறுத்தக்குறிகளுக்கும் தனி அதிகாரம் ஒன்று அந்நூலில் உண்டு. நம் பேச்சுக்குரிய அரைப்புள்ளி அங்கேதான் வருகிறது.

அதை அறியுமுன் அக்குறியின் பழைய கதையைச் சிறிது காண்போம். இத்தாலியின் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்னும் பேரச்சகர், பியேத்ரோ பெம்போ எட்னா எரிமலையைப் பற்றி எழுதிய இலத்தீன் நூலை 1496இல் அச்சிட்டார். புள்ளியும் அதன்கீழ் வளைந்த கோடுமாகிய குறி அச்சில் முதன்முதலாக இடம்பெற்றது அந்நூலில்தான் என்பர். அதே நூற்றாண்டுக்கு அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஆங்கில அச்சுக்கு வந்து சேர்ந்தது. பின்னர் வந்த பள்ளி நூல்கள் நிறுத்தக்குறிகளை மூச்சின் அளவாகவே கற்பித்தன. காற்புள்ளிக்கு ஒன்று, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று எண்ணி நிற்கும்படி மாணவர்க்குச் சொல்லப்பட்டது. நாம் தமிழில் வழங்கும் கால், அரை, முக்கால், முற்று என்னும் பெயர்களே அப்பழைய கணக்கைத் தம்முள் தாங்கி நிற்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம். மாத்திரை அறிந்த நமக்கு அக்கணக்கு இனிமையாகவும் இருக்கிறது.

ஆயினும் அக்கணக்கு மட்டும் போதாது. படிப்பவன் எவ்வளவு நேரம் மூச்சு வாங்க வேண்டும் என்பதைவிட, முன்னால் வந்த கருத்துக்கும் பின்னால் வரும் கருத்துக்கும் என்ன உறவு என்பதே உரைநடையில் முதன்மையானது. ஃபௌலர் உடன்பிறப்புகள் நிறுத்தக்குறிகளைத் தொடரின் இலக்கண அமைப்போடு பொருத்தியே ஆராய்ந்தனர். அவர்களுடைய அடிப்படைக் கருத்து மிக எளியது: சொற்களைச் சரியான வரிசையில் வைக்கும் உழைப்பை எழுதுகிறவனே செய்யவேண்டும், அவ்வுழைப்பிலிருந்து தப்பிக்கக் குறிகளை நாடக் கூடாது. ஒரு தொடரைப் படிப்பவன் திரும்பவும் படிக்க நேராமல் காப்பதே குறிகளின் வேலை. ஆகவே வேலைக்குப் போதுமான அளவே குறிகள் வேண்டும், மிகுதி வேண்டா.

இனி அரைப்புள்ளியை இடும் முறையைக் காண்போம். ஆங்கிலத் தொடர்களையே தமிழாக்கிக் காட்டுவோம். குறிகளை மட்டும் ஆங்கில முறைப்படி இடுவோம்.

மழை நின்றது; சாலை காயவில்லை. இங்கே இரு பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றும் எழுவாயும் முற்றுவினையும் பெற்றுத் தனித்து நிற்க வல்லது. இடையே இணைப்புச் சொல் இல்லை. இத்தகைய இரண்டு முழுத்தொடர்களைக் காற்புள்ளி ஒன்றால் மட்டும் ஒட்டுவது ஆங்கிலத்தில் பிழை. காற்புள்ளி அவ்வளவு சுமையைத் தாங்காது. முற்றுப்புள்ளி இட்டால் இலக்கணம் பிழைபடாது. ஆனால் அவற்றுக்கிடையே உள்ள உறவு அறுந்துவிடுகிறது. அரைப்புள்ளியோ, இரண்டும் முழுமையானவை என்பதையும் இரண்டும் ஒன்றையொன்று சார்ந்து எண்ணத்தக்கவை என்பதையும் ஒருங்கே சொல்கிறது. தனித்து நிற்கும் தொடர்களைப் பிரிக்கக் குறைந்தது அரைப்புள்ளியேனும் வேண்டும் என்பதை ஃபௌலர் உடன்பிறப்புகள் பொது விதியாகவே தந்தனர். அவ்விதிக்குப் பெருவாரியான விலக்குகள் உண்டு என்பதையும் மறைக்காமல் உடன் சொன்னார்கள். விதியைச் சொல்லும்போதே அதன் எல்லையையும் சொல்லிவிடுவது அவர்களுடைய நேர்மை.

இரு பகுதிகளுக்கும் இடையே அண்ட், பட் போன்ற இணைப்புச் சொல் வந்தால் பெரும்பாலும் காற்புள்ளியே போதும். ஹவெவர், தேர்ஃபோர் போன்ற சொற்கள் வந்தால் போதாது. அவற்றுக்கு முன் அரைப்புள்ளி வேண்டும். பொருளில் பட்டும் ஹவெவரும் ஒன்றுபோலத் தோன்றுவதால் நம்மவர் பலர் இங்கே இடறுகின்றனர். வேறுபாட்டை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஹவெவர் என்னும் சொல்லை இரண்டாம் தொடரின் நடுவிலோ இறுதியிலோ நகர்த்தி வைத்தாலும் தொடர் நிற்கும். பட் என்பதை அவ்வாறு நகர்த்த முடியாது. நகரக்கூடிய சொல் வினையை விளக்கும் அடைச்சொல். அது இரு தொடர்களைப் பிணைக்காது. பிணைப்பு இல்லாத இடத்தில் அரைப்புள்ளியே பிணைப்பு.

இரண்டாவது பயன், பட்டியலில். கூட்டத்திற்கு வந்தவர்கள், தலைவர், ஒரு புலவர், செயலாளர், ஒரு மருத்துவர், பொருளாளர், ஒரு வணிகர் என்று எழுதினால், வந்தவர் அறுவரா மூவரா என்று படிப்பவன் திகைப்பான். தலைவர், ஒரு புலவர்; செயலாளர், ஒரு மருத்துவர்; பொருளாளர், ஒரு வணிகர் என்று எழுதினால் மூவர் என்பது விளங்கிவிடும். உறுப்புகளுக்குள்ளேயே காற்புள்ளிகள் இருக்கும்போது, உறுப்புகளைப் பிரிக்க ஒரு படி வலிய குறி வேண்டும் என்பதே இதன் காரணம்.

செய்யக் கூடாதன இரண்டு. மழை நின்றபோது; நாங்கள் புறப்பட்டோம் என்று எழுதலாகாது. முதற்பகுதி தனித்து நிற்காது. அடுத்ததைச் சார்ந்து நிற்பது. சார்ந்து நிற்பதை அரைப்புள்ளியால் வெட்டுவது, கொம்பிலிருந்து கொடியை அறுப்பது போன்றது. சார்புத் தொடர்களுக்கிடையே அரைப்புள்ளி இடும் வழக்கத்தையும் அவ்வுடன்பிறப்புகள் தனித்தெடுத்து ஆராய்ந்தனர். மற்றொன்று, பின்னால் வரும் பட்டியலையோ விளக்கத்தையோ அறிவிக்க அரைப்புள்ளியை இடுவது. அது முக்காற்புள்ளியின் வேலை. பழைய கணக்கின்படி முக்காற்புள்ளி அரைப்புள்ளியைவிடச் சற்று நீண்ட நிறுத்தம் மட்டுமே. இக்கால ஆங்கிலத்தில் அது அளவுகோலிலிருந்து விலகி, வரப்போவதை முன்னறிவிக்கும் தனித் தொழிலைப் பெற்றுவிட்டது. இம்மாற்றத்தையும் ஃபௌலர் கண்டு உரைத்தார்.

இன்னொரு குறையையும் அவர்கள் கண்டித்தனர். எல்லாக் கருத்துகளையும் சிறுசிறு தொடராக நறுக்கி, முற்றுப்புள்ளிகளைத் தூவிவிடும் நடை அது. புள்ளிகளால் வந்த ஒரு நோய் என்றே அதற்குப் பெயரிட்டனர். பார்வைக்குத் தெளிவாகத் தோன்றும் அந்நடையில், எது காரணம், எது விளைவு, எது முரண் என்று இணைத்துப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் படிப்பவன் தலையில் விழுகிறது. இவ்வெச்சரிக்கைக்கு இன்று பயன் கூடியிருக்கிறதே அன்றிக் குறையவில்லை.

இங்கே நம் மொழியை நினைப்பது பொருத்தம். ஏட்டுச்சுவடிகளில் இன்றுள்ள குறிகள் இல்லை. தமிழ் உரைநடை அச்சேறியபோது அவற்றைச் செம்மையாக ஆண்டு வழிகாட்டிய பெருமை, யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர்க்கு (1822–1879) உரியதென அறிஞர் போற்றுவர். குறிகள் வருமுன் தமிழ் எவ்வாறு தெளிவாக நின்றது? நம் எச்சங்களே அதற்குக் காரணம். மழை நின்று, வெயில் வந்து, சாலை காய்ந்தது என்னும்போது முற்றுவினை ஒன்றே, முன்னுள்ளவை எச்சங்கள். தொடர் எங்கே முடிகிறது என்பதை வினையே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதே செய்தியைச் சொல்லும் ஒருவர், எச்சம் ஒவ்வொன்றையும் முற்றுவினையாக்கிவிட்டு, தமிழ்க் காற்புள்ளியை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறார். பிழை பிறப்பது அங்கே. ஆங்கில மாணவனுக்கும் அப்பிழை நேர்வதுண்டு. நம் மாணவனுக்கோ தாய்மொழியின் பழக்கமே அதற்குத் துணைபோகிறது. இதை எடுத்துக் காட்டினால் நம் மாணவர் விரைவில் தெளிவர்.

வரலாற்றுக்குத் திரும்புவோம். தி கிங்ஸ் இங்கிலிஷ் நல்ல வரவேற்பைப் பெற்றது. அடுத்து உடன்பிறப்புகள் இருவரும் ஒரு சுருக்க அகராதியைத் தொகுக்கும் பணியை ஏற்றனர். ஆக்ஸ்ஃபோர்டின் பேரகராதி அப்போது முடிவடையவில்லை. அது நிறைவெய்தியது 1928இல்தான். முடியாத பேரகராதியைக் கொண்டு முடிந்த சிற்றகராதி ஒன்றை, தலைநகருக்கு வெகுதொலைவில் உள்ள தீவிலிருந்து இருவர் ஆக்கினர். கன்சைஸ் ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரி 1911இல் வெளிவந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எத்தனையோ வீடுகளில் இடம்பெற்ற அவ்வகராதியின் முதல் தொகுப்பாளர்கள் இவர்களே.

இதற்கிடையே 1908இல், தம் ஐம்பதாம் பிறந்தநாளன்று, ஜெஸ்ஸி மரியன் வில்ஸ் என்னும் அம்மையாரை ஹென்றி மணந்தார். அம்மையார் அவரைவிட நான்கு ஆண்டு இளையவர். காலம் கடந்து வந்த அந்த இல்லறம் இருபத்திரண்டு ஆண்டுகள் இனிது நிலவியது. இருவரும் இயல்பில் வேறுபட்டவர்கள். ஹென்றியோ சமயம் துறந்தவர், அம்மையாரோ சமயப் பற்றுடையவர். ஒருவர் மற்றவரைத் தம்வழிக்கு இழுக்காமலே இறுதிவரை வாழ்ந்தனர்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. அடுத்த ஆண்டு ஹென்றி படையில் சேர்ந்தார். அகவை ஐம்பத்தேழு, படை ஏற்கும் அகவை அன்று. தமக்கு நாற்பத்து நான்கே என்று சொல்லிச் சேர்ந்தார். பதவிக்காக ஒரு சிறு பொய்க்கும் இசையாதவர், இங்கே மட்டும் ஒன்றைச் சொன்னார். அது தமக்கு ஆதாயம் தேடும் பொய்யன்று, இடர் தேடும் பொய். தம்பியும் உடன் சேர்ந்தார். பிரான்சுக்குச் சென்ற பின் அவர்களுக்குப் போர்முனையில் இடம் தரப்படவில்லை. பாத்திரம் கழுவுதலும் கரி அள்ளுதலும் சுமை தூக்குதலுமே கிடைத்தன. போரிட வந்த தங்களை வேலையாட்களாக வைத்திருப்பது முறையன்று என்று மேலதிகாரிகளுக்கு முறையீடு எழுதினர். 1916இல் ஹென்றி உடல் நலிந்து தாயகம் திரும்பினார். தம்பி பிரான்சிசைக் காசநோய் பற்றியது. 1918இல், தம் நாற்பத்தேழாம் அகவையில், அவர் மறைந்தார்.

பதினைந்து ஆண்டுகள் ஒரே மேசையில் எண்ணி ஒரே குரலில் எழுதிய இருவருள் ஒருவர் போய்விட்டார். போருக்கு முன்பே இருவரும் திட்டமிட்டிருந்த பெருநூல் ஒன்று பாதியில் நின்றது. ஹென்றி அதை எடுத்து ஒருவராகவே எழுதினார். இடையில் கைப்பேழை அளவுள்ள பாக்கெட் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியையும் முடித்து 1924இல் வெளிக்கொணர்ந்தார். 1925இல் தீவை விட்டுத் தென்மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட்டிலுள்ள ஹின்டன் செயின்ட் ஜார்ஜ் என்னும் சிற்றூரில் குடியேறினார். 1926இல் அப்பெருநூல் வெளிவந்தது. எ டிக்‌ஷனரி ஆஃப் மாடர்ன் இங்கிலிஷ் யூசேஜ் என்பது அதன் பெயர். மக்கள் அதற்கு இட்ட பெயர்தான் ஃபௌலர். நூலைத் தம்பியின் நினைவுக்கே அவர் படைத்தார்.

அகர வரிசையில் அமைந்த அந்நூல், அகராதி போலத் தோன்றினும் கட்டுரைத் தொகுதியாகவே படிக்கத்தக்கது. கண்டிப்பும் நகைச்சுவையும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கும். அவரை விதிக்கு அடிமைப்பட்டவர் என எண்ணுவோர் அந்நூலைப் படியாதவரே. தொடரின் இறுதியில் முன்னிடைச்சொல் வரலாகாது, டூ என்பதற்கும் வினைக்கும் இடையே சொல் புகலாகாது என்றெல்லாம் பள்ளிகளில் ஓதப்பட்ட தடைகளை ஆராய்ந்து, காரணமற்றவற்றைக் குருட்டு நம்பிக்கை என்றே ஒதுக்கினார். காரணம் காட்ட முடிந்த விதியையே காத்தார்.

அவரும் மாற்றுக் கருத்துக்கு உள்ளானவரே. டென்மார்க்கு நாட்டு மொழியறிஞர் ஒட்டோ யெஸ்பர்சன், ஆங்கிலத்தின் ஒரு வினைவடிவத்தை ஃபௌலர் பிழையென விலக்கியதை மறுத்து எழுதினார். இலத்தீன் இலக்கணத்தின் கண்கொண்டு ஆங்கிலத்தைப் பார்க்கிறார் என்பதே குற்றச்சாட்டு. ஃபௌலர் விடை எழுதினார். மக்கள் எவ்வாறு எழுதுகின்றனர் என்று காண்பது ஒருவர் வழி. எவ்வாறு எழுதினால் படிப்பவர்க்கு நன்று என்று காட்டுவது மற்றவர் வழி. பிற்கால மொழியியல் பெரிதும் யெஸ்பர்சன் பக்கமே சென்றது. எனினும் தம் கையெழுத்துப்படியை வைத்துக்கொண்டு இந்த இடத்தில் எந்தக் குறி என்று தவிக்கும் எழுத்தாளனுக்கு, வழக்கை மட்டும் எண்ணிக் காட்டும் அறிவு போதுவதில்லை. அவனுக்கு ஒரு தீர்ப்பு வேண்டும். ஃபௌலர் தீர்ப்புச் சொன்னார். காரணத்தையும் உடன் சொன்னார்.

புகழ் வந்த பின்னும் வாழ்க்கை மாறவில்லை. வீட்டுப் பணிக்கு ஆள் அமர்த்திக்கொள்ளப் பொருள் தருகிறோம் என்று பதிப்பகத்தார் முன்வந்தபோது, அகவை அறுபத்தெட்டை எய்தியும் காலையில் ஓடி, நீந்தி, தம் வேலைகளைத் தாமே செய்யும் தமக்கு அது வேண்டா என்று மறுத்தார். 1930இல் அம்மையார் மறைந்தார். அவருக்காக அவ்வப்போது எழுதி வைத்திருந்த எளிய செய்யுள்களை 1931இல் நூலாக்கி வெளியிட்டார் ஹென்றி. கவிஞர் வரிசையில் வைக்கத்தக்க பாடல்கள் அவையென அவரே கருதியிருக்க மாட்டார். ஆயினும் பிறர் தொடர்களில் பிழை தேடிய கை, தன் துணைவிக்குப் பாட்டெழுதிய கையும் ஆகும் என்பதை நம் கவிஞர்கள் அறிந்துகொள்வது நன்று. 1933ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26ஆம் நாள், புதியதோர் அகராதிப் பணி கையில் இருக்கும்போதே, அவர் அச்சிற்றூரில் காலமானார். அகவை எழுபத்தைந்து.

அவருடைய பெருநூலை 1965இல் சர் எர்னஸ்ட் கவர்ஸ் திருத்திப் பதிப்பித்தார். 1996இல் பர்ச்ஃபீல்டும், 2015இல் பட்டர்ஃபீல்டும் காலத்திற்கேற்பப் புதுக்கினர். தீர்ப்புகள் பல மாறின, பெயர் மாறவில்லை.

ஃபௌலரின் வாழ்க்கையையும் அவர் போற்றிய குறியையும் ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. நம்பாததைச் சொல்லித் தரமாட்டேன் என்று பணியைத் துறந்தவர், தொடரிலும் இல்லாத உறவை இருப்பதாகக் காட்டும் குறியை ஏற்கவில்லை. இருக்கும் உறவை மறைக்கும் குறியையும் ஏற்கவில்லை. காற்புள்ளியால் இரண்டு முழுத்தொடர்களை ஒட்டுபவன், இரண்டுக்கும் உரிய முழுமையை மறுக்கிறான். முற்றுப்புள்ளியால் வெட்டுபவன், தான் கண்ட தொடர்பைப் படிப்பவனுக்குச் சொல்லாமல் விடுகிறான். அரைப்புள்ளியை அறிந்து இடுபவன், இரண்டையும் மதித்து அருகருகே வைக்கிறான்.

ஆகவே ஆங்கிலம் எழுதும் அன்பர்கள் அக்குறியை இடுமுன் இரண்டு வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். குறியின் இருபுறமும் உள்ளவை தனித்து நிற்குமா? நின்றால், அவை ஒன்றோடொன்று பேசுமா? முதல் வினாவுக்கு இலக்கணம் விடை சொல்லும். இரண்டாம் வினாவுக்கு எழுதுகிறவனின் மனச்சான்றே விடை சொல்ல வேண்டும். அவ்விடையைச் சோம்பலின்றித் தேடியவர் என்பதற்காகவே ஹென்றி வாட்சன் ஃபௌலரை, அவர் மொழி நம் மொழி அன்றாயினும், நாம் நினைவில் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.